பழுப்பு மாத்திரை

தோஜிகான் அத்தையின் விரல்களைப் பார்த்தாலே சர்வினோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காலையிலிருந்து அந்த விரல்கள் ஆட்டு வால் கொழுப்பை நறுக்கும், அடுப்புச் சாம்பலைக் கிளறும், மூக்கைச் சிந்தி முக்காட்டு நுனியில் துடைத்துக்கொள்ளும். சாயங்காலம் பாங்கு சொன்னதும் அதே விரல்கள் சட்டைக் கழுத்துக்குள் நுழைந்து, மார்பிடுக்கிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுக்கும். அட்டை வியர்வையில் நனைந்து வளைந்துபோயிருக்கும். அத்தை ஒரு மாத்திரையைப் பிதுக்கி, ஹுமோராவை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் மேல் வைப்பாள். அதோடு விட்டாளா? நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று விரலை விட்டுத் துழாவியும் பார்ப்பாள். ஹுமோராவுக்கு இருபத்திரண்டு வயது. மாட்டு டாக்டர் கூட மாட்டிடம் இதைவிட மரியாதையாக நடந்துகொள்வார்.

"அத்தை, கையையாவது கழுவிட்டுக் கொடுங்களேன்" என்று சர்வினோஸ் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"என் கைக்கு என்னடி? இந்தக் கையாலதான் உன் புருஷனைக் குளிப்பாட்டி வளர்த்தேன். செத்தா போனான்?"

சாகவில்லை. ரஷ்யாவில் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தான். தங்கை ஹுமோராவின் கல்யாணத்துக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாய் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. தகப்பனார் வாயில்லாப் பூச்சி. ஆகவே அந்த வீட்டில் அவரோடு பிறந்த விதவை அத்தை வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கீழே சர்வினோஸும் அவள் பதினோரு வயது மகள் ருக்சோராவும் ஹுமோராவும் குடியிருந்தார்கள்.

மாத்திரை வந்த கதை இதுதான். கல்யாணத் தேதியைக் குறித்தது மாப்பிள்ளையின் தாய் கராமத். மண்டபம் அந்தச் சனிக்கிழமைதான் காலியாம். அந்தச் சனிக்கிழமையோ ஹுமோராவுக்குத் தொழுகை இல்லாத நாட்களில், மாதவிலக்கு நாட்களில், சரியாக வந்து விழுந்தது. தேதியை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, காரணத்தைச் சொல்ல வேண்டுமே. அவர்கள் ஊரான மார்கிலானில் நெய்கிற பட்டை உலகமே வாங்குகிறது. ஆனால் ஊர்ப் பெண்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற துணி வேறு. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மணப்பெண்ணின் படுக்கையிலிருந்து எடுக்கிற வெள்ளைத் துணி அது. அதில் கறை இருந்தால் பெண் தங்கம். இல்லாவிட்டால், கராமத் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மூத்த மருமகளை மூன்றாம் நாளே மூட்டை கட்டி அனுப்பியவள் அவள். அந்தப் பெண் வீட்டார், "எங்க பொண்ணுக்கு அன்னிக்குத் தொழுகை இல்லை, ஒரு வாரம் பொறுங்க" என்று கெஞ்சினார்கள். "திருட்டுச் சரக்கை விக்கிறவன் எல்லாம் இருட்டுலதான் விப்பான்" என்று வாசலில் நின்று கத்தினாளாம். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை.

அந்தத் துணியை எடுத்துக் கொடுக்கிற வேலை அண்ணியுடையது. அண்ணிக்கும், மணப்பெண்ணோடு புகுந்த வீடு போய் அறை வாசலில் காவல் இருக்கிறவளுக்கும் அங்கே ஒரே சொல், யங்கா. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட அன்றே இந்த அசிங்கமும் தலையில் எழுதப்பட்டுவிடும். சர்வினோஸின் கல்யாணத்தில் துணி பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. அவளுடைய யங்கா ஒரு வார்த்தை பேசாமல் பழம் நறுக்கும் கத்தியை எடுத்துத் தன் விரலைக் கீறிக்கொண்டாள். அவள் டீக்கோப்பை நீட்டும்போதெல்லாம் அந்தத் தழும்பு இன்றைக்கும் சர்வினோஸ் கண்ணில் படும். எத்தனையோ பெண்களுக்குக் கறை வராது. அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோரும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்!

"எனக்கு அன்னிக்கு அது வேண்டாம் அண்ணி" என்று ஹுமோராதான் கேட்டாள். "வயித்து வலியோட அத்தனை பேருக்கும் குனிஞ்சு குனிஞ்சு சலாம் வைக்க என்னால ஆகாது. நீங்க போடுறீங்களே, அந்த மாத்திரை போட்டா தள்ளிப்போகுமாமே?"

போகும். கணவன் குளிர்காலத்தில் ஊருக்கு வரும்போது குழந்தை தங்காமலிருக்கச் சர்வினோஸ் போடுகிற மாத்திரைதான் அது. போன மாதம் ஹுமோராவுக்கு ஆரம்பித்த நாளிலேயே இரண்டு அட்டை வாங்கி வந்து, அத்தையையும் உட்காரவைத்துச் சொன்னாள். தினமும் ஒன்று, ஒரே நேரத்துக்கு, ஒருநாளும் விடக்கூடாது. அட்டையில் மூன்று வரிசை வெள்ளை, கடைசி வரிசை பழுப்பு. வெள்ளை தீர்ந்ததும் பழுப்பைத் தொடவே கூடாது, மறுநாளே அடுத்த அட்டையின் வெள்ளையை ஆரம்பிக்க வேண்டும். கல்யாணம் முடிகிற வரைக்கும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

"அப்போ இந்தப் பழுப்பு எதுக்காம்?" என்றாள் அத்தை.

சர்வினோஸ் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். துணிக்கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. "அதுல மருந்தே இல்ல அத்தை. வெறும் இரும்புச் சத்து. ரத்தம் ஊறுறதுக்குப் போட்டு வச்சிருக்கான்."

பின்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. மருந்தே இல்லை என்றது அத்தையின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. ரத்தம் ஊறும் என்றது மட்டும் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் முற்றத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹுமோரா மாவுப் பலகையை விட்டு எழுந்து, சுவரோரம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"அடிவயிறு இழுக்குது அண்ணி. இடுப்பும் விட்டுப்போகுது."

சர்வினோஸின் கை மாவோடு அப்படியே நின்றது. "நேத்து என்ன கலர் மாத்திரை போட்ட?"

"பழுப்பு."

"முந்தாநாள்?"

"அதுவும் பழுப்புத்தான். நாலு நாளா பழுப்பு. நீங்க சொன்னதாத்தான் அத்தை சொன்னாங்க."

சர்வினோஸ் எழுந்து நேரே முற்றத்து மூலைக்குப் போனாள். அத்தை தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வெள்ளை மாத்திரையை எதுக்கு நிறுத்துனீங்க?"

"தீர்ந்துபோச்சு, நிறுத்தினேன்."

"அடுத்த அட்டையில இருக்கே!"

அத்தை தலையை வெளியே எடுத்தாள். முகம் சூட்டில் சிவந்து, புருவமெல்லாம் மாவு. "ஏண்டி, நீ சந்தையில துணி விக்கிறவதானே, மனுஷி மாதிரி யோசிக்கத் தெரியாதா? வெள்ளை என்ன பண்ணும்? ரத்தத்தை அடைக்கும். அடைச்சுக்கிட்டே போனா கல்யாண ராத்திரி ஒரு சொட்டாவது வருமா? அதான் கடைசியில ரத்த மாத்திரை. நல்லா ஊறட்டும். கராமத் கண்ணு குளிர்ற மாதிரி வரட்டும்."

"ஐயோ அத்தை! வெள்ளையை நிறுத்தினா வர்றது அந்த ரத்தம் இல்ல. அவளுக்குத் தொழுகை இல்லாமப் போகப்போகுது. இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும்!"

"ரத்தத்துல இந்த ரத்தம், அந்த ரத்தம்னு என்னடி சாதி? ரெண்டும் சிவப்புதானே?" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி தலையை அடுப்புக்குள் விட்டுக்கொண்டாள்.

அவளைப் பிடித்து உள்ளே தள்ளினால் என்ன என்று ஒரு கணம் சர்வினோஸுக்குத் தோன்றத்தான் செய்தது. அவசரமாக ஒரு வெள்ளை மாத்திரையை ஹுமோராவுக்குக் கொடுத்தாள். அது எதையும் நிறுத்தாது என்று அவளுக்கே தெரியும். கலைந்த கணக்கு கலைந்ததுதான்.

மண்டபத்தில் வெடித்தது. ஊதுகுழல்கள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன, மேடையில் யாரோ வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கவுனுக்குள் ஹுமோரா விறைத்து உட்கார்ந்திருந்தாள். சர்வினோஸைப் பார்த்து, வந்துடுச்சு என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இருவரும் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்கள். கவுனின் எத்தனையோ அடுக்குகளைச் சர்வினோஸ் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தரையில் யாரோ கொட்டிய எலுமிச்சைச் சோடா பிசுபிசுத்தது. வெளியே ஒருத்தி கதவைத் தட்டி, "பொண்ணை முழுங்கிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

"கராமத்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்" என்றாள் சர்வினோஸ். "உண்மைதானே. ஒரு வாரம் பொறுத்தா என்ன, குடியா முழுகிப்போகும்?"

"சொல்லாதீங்க அண்ணி!" ஹுமோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் நகம் பதிந்தது. "மூத்தவளும் இதையேதான் சொன்னா. நீங்க வாயைத் திறந்தா என்னையும் திருட்டுச் சரக்குன்னுவாங்க. அப்பா உயிரை விட்டுடுவாரு. நான் எல்முராத்கிட்ட மட்டும் சொல்லிக்கிறேன். அவர் அவங்க அம்மா மாதிரி இல்ல."

எல்முராத் மாப்பிள்ளை. செல்போன் பழுது பார்க்கிறவன். சர்வினோஸ் அவனை நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். கராமத் பெற்ற பிள்ளை கராமத்தைப் போல இல்லாமல் இருப்பானா? அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

விடிந்ததும் புகுந்த வீட்டு அறைக் கதவை மெதுவாகத் தட்டினாள். ஹுமோராதான் திறந்தாள். எல்முராத் பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று பின்பக்கமாக நழுவியிருந்தான். தரையில் தனியாக ஒரு மெத்தை கிடந்தது.

"சொல்லிட்டேன் அண்ணி" என்று ஹுமோரா கிசுகிசுத்தாள். "அப்பாடான்னு மூச்சு விட்டாரு! அவருக்கும் உதறலாம். கூட்டாளிங்க ரெண்டு நாளா கதவைத் தட்டுவோம், கேட்டுக்கிட்டே நிப்போம்னு கிண்டல் பண்ணியிருக்காங்க. கீழ படுத்துக்கிட்டாரு. எனக்கு ஒரு பாட்டில்ல வெந்நீர் ஊத்திக் கொடுத்தாரு, வயித்துல வச்சுக்கோன்னு."

சர்வினோஸின் கண்ணில் நீர் முட்டியது. அந்த இரண்டு நாளில் ஒரு மனிதர் மனிதராக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"துணி?"

"தூக்கத்துல கறையாயிடுச்சு. அதை யாரும் பாக்குறதுக்கு முன்னாடி அலசிடலாமா? அவர் இன்னிக்கு அம்மாகிட்ட பேசுறேன்னாரு."

சர்வினோஸ் துணியை உருவிச் சுருட்டினாள். அதற்குள் கதவு திறந்தது. முன்னால் கராமத், பின்னால் அவள் தங்கை, நாத்தனார், இன்னும் யார் யாரோ. தேனும் பாலேடும் ரொட்டியும் வைத்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் ராத்திரி தின்ற சோற்றின் கொழுப்பு உதட்டில் இன்னும் மினுங்கியது.

"கொண்டா, கொண்டா" என்று கராமத் சர்வினோஸின் கையிலிருந்து பிடுங்கினாள். "யங்கான்னா நீட்டிக்கிட்டு நிக்கணும். என்ன சுருட்டுற?"

விரித்தார்கள். சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். கராமத் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, முலாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போல முகர்ந்தாள். தங்கைக்காரி விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த விரலைத் துடைக்காமலே ரொட்டியைப் பிய்த்தாள். துணி கை மாறிக் கை மாறி, பாலேட்டுக் கிண்ணத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போனது.

"நாற்பது வருஷமா பாக்குறேன், என் மூக்கை ஏமாத்த ஒருத்தி பொறக்கல" என்றாள் கராமத். அத்தனை தங்கப் பற்களும் தெரியச் சிரித்தாள். "இது பொண்ணு! அப்பழுக்கில்லாத பொண்ணு!"

எல்லோரும் குலவையிட்டார்கள்.

சர்வினோஸ் வாயைத் திறந்தாள். அட மூக்கறைகளா, இது மாதாமாதம் உங்கள் எல்லோருக்கும் வந்த அதேதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது ஹுமோராவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் இரண்டும் அவளையே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன. மூத்த மருமகள் உண்மையைச் சொன்னாள், தெருவில் நின்றாள். உண்மையல்லாத ஒன்று இவளைத் தங்கமாக்கிவிட்டது. சர்வினோஸ் வாயை மூடிக்கொண்டாள். கராமத் ஒரு பட்டுத் துணியைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினாள். யங்காவுக்குச் சன்மானம். சிவப்பும் மஞ்சளுமாக, சந்தையில் அவளே விற்கிற ரகம். அது தோளில் கிடந்த நேரமெல்லாம் உடம்பு கூசியது.

பிறகு முற்றத்தில் ஹுமோரா முக்காட்டுக்குள் நின்று வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து சலாம் வைத்தாள். ஒவ்வொரு முறை குனியும்போதும் பல்லைக் கடித்தாள். "என்ன அடக்கம், என்ன அடக்கம்" என்றார்கள்.

ஹுமோரா மறுவீட்டுக்கு வந்த அன்று அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. முற்றத்தில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அளவுதான். முதல்ல வெள்ளை, அது அடைக்கும். கல்யாணம் நெருங்குறப்போ பழுப்பு, அது ரத்தம் ஊற வைக்கும். டாக்டருக்குத் தெரியுமா இது? நான் கண்டுபிடிச்சது. கராமத்தே கை தட்டினாளாம்!"

"எங்க மகளுக்கு வசந்தத்துல கல்யாணம்" என்று எதிர்வீட்டுக்காரி நெருங்கி உட்கார்ந்தாள். "பழுப்பு மட்டும் தனியா விப்பானா தோஜிகான்?"

அடுப்படியில் ஹுமோரா சர்வினோஸின் காதோரம் வந்தாள். "அண்ணி, எனக்கு அந்த மாத்திரை இன்னும் வேணும். என் படிப்பு முடியட்டும், அப்புறம் குழந்தை பாத்துக்கலாம்னு அவரும் சொல்றாரு."

சர்வினோஸ் மாவுப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினாள். "இது உன் கையில இருக்கணும். உன் வாய், உன் கை. வேற யார் விரலும் வரக்கூடாது. இன்னிக்கே ஆரம்பி. முதல் ஒரு வாரம் இதை மட்டும் நம்பாம அவரையும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

ஹுமோரா முகம் சிவந்து தலையாட்டினாள். "சாயங்காலம் பாங்கு சொன்னதும் போட்டுக்கவா?"

"பாங்கு வேண்டாம்டி. சூரியன் எப்போ விழுதோ அப்போதான் பாங்கு. குளிர்காலத்துல ஒரு நேரம், கோடையில ஒரு நேரம்னு நகர்ந்துக்கிட்டே போகும். செல்போன்ல மணி வச்சுக்கோ. மறந்துபோனா ஞாபகம் வந்த உடனே போடு. பழுப்பு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அந்த ஏழு நாள் கழிஞ்சதும் அடுத்த அட்டையை ஒருநாள் கூடத் தள்ளாம ஆரம்பிச்சிடணும்."

"ருக்சோரா! இங்க வா கண்ணு!" வெளியே அத்தையின் குரல்.

சர்வினோஸ் எட்டிப் பார்த்தாள். அத்தை அவள் மகளை மடியருகே இழுத்து உட்காரவைத்திருந்தாள். மற்றொரு கையால் மார்புக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். எச்சில் பட்ட துணிக்குள் மூன்று பழுப்பு மாத்திரைகள், ஓரமெல்லாம் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"பாத்தீங்களா? மிச்சம் மூணு. வீசிடுவேனா நான்? என் பேத்திக்கு எடுத்து வச்சிருக்கேன். இவ கல்யாணத்துக்கு நான் இருக்கேனோ இல்லையோ, என் மருந்து இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ருக்சோரா ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள். எதிர்வீட்டுக்காரி அவளை மேலும் கீழும் பார்த்து, "வளர்ந்துட்டா" என்றாள்.

சர்வினோஸுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியது. முற்றத்துக்கு நடந்தாள். அது மருந்தே இல்லை, அன்றைக்குக் கராமத் முகர்ந்தது வேறு ரத்தம் என்று இந்தக் கூட்டத்தில் போட்டு உடைத்தால் போதும், அத்தையின் மருந்துக்கடை இன்றோடு மூடிவிடும். ஆனால் பொழுது சாய்வதற்குள் அது கராமத்தின் காதுக்குப் போகும். அடுப்படி வாசலில் ஹுமோரா அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

சர்வினோஸ் குனிந்து கைக்குட்டையிலிருந்து மூன்று மாத்திரைகளையும் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நூல் பிசிறோடு, அத்தையின் வியர்வை உப்போடு, நறநறவென்று மென்றாள். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு சுவை.

"அடிப்பாவி!" அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா பிடிச்சுது உனக்கு? இனி அதுக்கு நான் எங்க போவேன்?"

"எனக்கு ரத்தம் கம்மி அத்தை" என்றாள் சர்வினோஸ். வாய் முழுக்கப் பழுப்பாகியிருந்தது. கராமத் போர்த்திய பட்டு கொடியில் தொங்கியது. அதை இழுத்து நாக்கையும் உதட்டையும் அழுத்தித் துடைத்து, தந்தூர் அடுப்புக்குள் எறிந்தாள்.

ருக்சோராவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது என்ன மாத்திரைம்மா?"

"சும்மா மாத்திரைடி" என்றாள் சர்வினோஸ். "எதுக்கும் ஆகாதது."